முழங்காலுக்குக் கீழே ஒரு குழாய்

குறைந்த செலவில் வண்டிக்கு வேகம் கூட்ட வேண்டும் என்று யாராவது வந்து நின்றால் நான் முதலில் டிக்கியைத் திறக்கச் சொல்வேன். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களின் டிக்கியில் என்னென்னவோ கிடக்கும். ஒருவர் வண்டியில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இருந்தது. இன்னொருவர் வண்டியில் மாடித் தோட்டத்துக்கு வாங்கிய மண் இரண்டு வருடமாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. அதை இறக்கினாலே இன்ஜின் பாதி மூச்சு விடும். அடுத்தது டயரில் காற்று. அடுத்தது பிளக். அப்புறம், இன்ஜினுக்குள் காற்று நுழைகிற வாயில் படிந்த கரியை ஸ்ப்ரே அடித்துத் துடைப்பது. ஒரு பகல் வேலை. வண்டி புதிதாக இருந்தபோது எப்படி ஓடியதோ கிட்டத்தட்ட அப்படி ஓட ஆரம்பிக்கும்.

அதற்கு மேல் பவர் வேண்டும் என்றால் செலவு உண்டு. சைலன்ஸரை மாற்றலாம், இன்ஜினின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி எழுதலாம். செலவும் ஆகக்கூடாது, பவரும் கூட வேண்டும் என்று கேட்பவரிடம் "முடியாது" என்று சொல்லிவிட வேண்டும். ஒருமுறை நான் அப்படிச் சொல்லவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். நின்றேன் என்பதைவிட நடந்தேன் என்பது சரி. ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பி லாரி ஷெட்டுக்குப் போய்விட்டேன். கிளீனராக ஆறு வருடம். ஓசூரில் பழைய டயருக்கு ரப்பர் ஒட்டுகிற இடத்தில் இரண்டு வருடம், அங்கே இடது கையில் ஒரு விரல் நகம் போயிற்று, திரும்ப முளைக்கவில்லை. கோயம்புத்தூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றினேன். நடுவில் இன்னும் எத்தனையோ ஊர். மும்பையில் டாக்ஸி ஷெட்டில் வேலை. ராத்திரி வண்டிக்குள்ளேயே தூக்கம். எந்த ஊரிலும் மூன்றாவது தீபாவளி கொண்டாடியதாக ஞாபகம் இல்லை, கிளீனராக இருந்த காலத்தைத் தவிர, அதுவும் லாரியோடு தினம் ஒரு ஊர் போய்க்கொண்டே இருந்ததால்தான். கடைசியில் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு தகர ஷெட்டில் வந்து ஒதுங்கினேன். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு.

ஷெட்டின் முதலாளி என்னைவிட எட்டு வயது இளையவர். வீட்டில் உருது, ஷெட்டில் மெட்ராஸ் தமிழ். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை நைனா என்பார். பழைய வேக வண்டிகளைப் பார்ப்பதில் அவருக்குப் பெயர் இருந்தது. அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வண்டியின் காற்றுக் குழாயைக் கீழே இறக்கக் கூடாது.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்த காற்றை இழுத்தால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். பானெட்டுக்குள் இருக்கும் காற்று சூடு. அதனால் சிலர், கம்பெனி வைத்த ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு, நீளமான குழாய் ஒன்றைப் போட்டு, அதன் வாயை முன் பம்பருக்குள் தாழ்வாகக் கொண்டுபோய் வைப்பார்கள். அங்கே வெளிக்காற்று நேராக வரும். வீடியோக்களில் வெளிநாட்டுக்காரர்கள் அரை மணி நேரத்தில் செய்து முடித்துவிட்டுக் கைதட்டிக்கொள்வார்கள். அந்தக் குழாயோடு யாராவது சர்வீசுக்கு வந்தால் பாய் அதைக் கழற்றி ஓனர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவார்.

"ஊட்டியில போட்டுக்கோ, பெங்களூர்ல போட்டுக்கோ. நம்ம ஊர்ல மழை வந்தா ரோடு எங்க கீது, ஏரி எங்க கீதுன்னு தெரியாது. வண்டியோட மூக்க தரையில வெச்சா தண்ணியத்தான் குடிக்கும்" என்பார்.

இதை நான் குறைந்தது பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

அந்த அம்மா ஜூலை மாதம் வந்தார். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் வீடு. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சராக இருந்து, ஓய்வுக்கு மூன்று வருடம் முன்பே வேலையை விட்டவர். நூல் புடவை, கண்ணாடி, கையில் துணிப்பை. அவர் இறங்கிய வண்டி தரையோடு தரையாக இருந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. பதினைந்து வருடப் பழசு, மூன்றாவது கை. ஷெட்டில் ஸ்பானர் சத்தம் நின்றது.

"சிரிக்கறதுன்னா சிரிச்சுடுங்கோ" என்றார். "எங்காத்துல அண்ணா தினம் சிரிக்கறார். பழகிடுத்து."

அண்ணன் என்பவர் அவரோடு அதே வீட்டில் இருந்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. தங்கை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வேகம், விசை, முடுக்கம் என்று போர்டில் எழுதியாயிற்று, ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாம் என்று வாங்கினேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

பாய் அவர் வண்டியை என்னிடம் கொடுத்தார். பிளக் மாற்றினேன், கரி துடைத்தேன், டயர் பார்த்தேன். டிக்கியில் பழைய பரீட்சைத் தாள் ஒரு கட்டு இருந்தது, இறக்கிக் கொடுத்தேன். எல்லாம் நேர்மையான வேலை. வண்டி நன்றாக ஓடியது. எடுத்துப்போனவர் பத்து நாளில் திரும்ப வந்தார்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமா? நெறய செலவு பண்ண முடியாது. பென்ஷன்ல ஓடறது."

பாய் அப்போது ஒரு கல்யாணத்துக்காக வாணியம்பாடி போயிருந்தார், ஒரு வாரம். ஷெட்டில் பொறுப்பு என்னிடம். அந்த அம்மா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தார். வகுப்பில் பிள்ளை டீச்சரைப் பார்க்கிற மாதிரி. நான் சொல்வதை எழுதிக்கொள்ளப் போகிறார்.

அந்த நிமிடத்தை நான் பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆசை என்று சொன்னால் சரியாக வராது. எந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு நான் நடந்து போனேனோ, அங்கிருந்து ஒருவர் வந்து நான் சொல்வதற்காகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். "இதுக்கு மேல ஒண்ணும் இல்ல மேடம்" என்று சொன்னால் அந்தப் பேனாவை மூடிவிடுவார்.

"கூல் ஏர்னு ஒண்ணு கீது மேடம்" என்றேன்.

நான் சொன்னதை அவர் எனக்கே திருப்பிச் சொன்னார், என்னைவிடத் தெளிவாக. குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம், அதனால் ஒரே அளவு இடத்தில் அதிக ஆக்ஸிஜன், அதனால் அதிகப் பெட்ரோல் எரியலாம். "தியரி சரியா இருக்கு" என்றார். எனக்குப் பாஸ் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் அளந்து பார்க்க வேண்டும் என்றார். குழாய் போடுவதற்கு முன் ஒரு தடவை, போட்ட பின் ஒரு தடவை, நின்ற இடத்திலிருந்து எண்பதைத் தொட எத்தனை விநாடி. ஸ்டாப் வாட்ச் அவரிடம் இருந்தது, பள்ளியில் ஊசல் சோதனைக்கு வைத்திருந்தது.

முதல் அளவை அன்றே எடுத்தோம். உத்தண்டி தாண்டிக் கடற்கரைச் சாலையில், பகல் ஒரு மணி வெயில். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் வாட்சோடு. வெயிலுக்காக ஏசி முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் டாங்க் நிறைய. இரண்டும் வண்டியை இழுத்துப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். கையை நீட்டி ஏசியை அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. மூன்று தடவை ஓடினோம், அவர் மூன்றையும் எழுதிச் சராசரி போட்டார்.

மறுநாள் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடைக்காரன், "பாத்ரூமா, கிச்சனா?" என்றான். "காருக்கு" என்றேன். "காருக்கு பாத்ரூம் கட்டுறியா நைனா?" என்று சிரித்தபடியே மூன்றங்குல பிவிசி குழாயில் நான்கடி வெட்டிக் கொடுத்தான், இரண்டு முழங்கை வளைவோடு. கறுப்புப் பெயின்ட் அடித்ததும் குளியலறைக் குழாய் என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பெனியின் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி ஷெல்ஃபின் மேல் தட்டில் வைத்தேன். அந்த டப்பா காற்றை எடுக்கிற இடம் ஹெட்லைட்டுக்கு மேலே, தொடை உயரம். என் குழாயின் வாய் பம்பரின் கீழ்க் கம்பிவலைக்குப் பின்னால், முழங்காலுக்கும் கீழே. அந்த வாயில் ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டி, குழாயைப் பம்பரோடு கிளாம்ப் போட்டு இறுக்கினேன். மொத்தம் இரண்டு மணி நேரம்.

வண்டியை எடுக்க வந்தபோது அவர் கேட்டார். சரியாக அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்.

"காத்தை எங்கேருந்து எடுத்துக்கறது? மேனுவல்ல ஹெட்லைட் உயரம்னு போட்டிருக்கு."

"அதே எடம்தான் மேடம். கொஞ்சம் முன்னாடி தள்ளி வெச்சிகீறேன்."

"மழைக்கு?"

"ஒண்ணும் ஆவாது."

தாழ்த்தித்தான் வைத்திருக்கிறேன், மழை வருவதற்குள் கழற்றிவிடலாம் என்று சொல்லியிருந்தால் போதும். அவர் சரி என்றிருப்பார். ஆனால் பேனா திறந்திருந்தது.

இரண்டாவது அளவுக்கு நான் காலை ஆறு மணியைச் சொன்னேன். டிராஃபிக் இருக்காது என்று காரணம். அதே சாலை, கடலிலிருந்து ஈரக் காற்று, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன், ஏசி இல்லை. டாங்க்கில் கால்வாசிதான் பெட்ரோல். குழாய் வழியாகக் காற்று உறிஞ்சப்படும் சத்தம் உள்ளே கேட்டது. மிதித்தால் உறுமியது. அவர் வாட்சைப் பார்த்தார், திரும்ப ஓட்டச் சொன்னார், திரும்பப் பார்த்தார். மூன்று தடவையின் சராசரியில் முக்கால் விநாடி குறைந்திருந்தது.

"முக்கால் செகண்ட்" என்றார், நோட்டைத் தொடை மேல் வைத்துக்கொண்டு. "ஒரு பிவிசி பைப்புக்கு முக்கால் செகண்ட். நீங்க மட்டும் படிச்சிருந்தேள்னா எங்கியோ போயிருப்பேள்."

திரும்பும் வழியில் அவரே ஓட்டினார். திருவான்மியூர் சிக்னலில் ஒரு பையன் பைக்கை நிறுத்திப் பார்த்தான். விளக்கு மாறியதும் அவர் மிதித்த மிதியில் எனக்கே பயமாக இருந்தது. அடையாறு பாலம் ஏறும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தார். பட்டினப்பாக்கத்தில் மீன் கடை போட்டிருந்த பெண்கள் வண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் கை காட்டினார். நானும் காட்டினேன்.

பாய் ஊரிலிருந்து வந்தபோது நான் குழாயைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த வண்டி ஷெட்டுக்கும் வரவில்லை. அக்டோபர் கடைசியில் முதல் மழை பெய்த அன்று தகரத்தில் சத்தம் கேட்டதும் எனக்கு அந்தக் குழாயின் வாய்தான் ஞாபகம் வந்தது. போனை எடுத்தேன். என்ன சொல்வது? "அதே எடம்னு சொன்னேனே மேடம், அது அதே எடம் இல்ல." போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனேன். அன்று மழை சீக்கிரம் நின்றுவிட்டது. அடுத்த மழைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. தி.நகரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் வண்டி நின்றுவிட்டது. மாம்பலம் ஸ்டேஷனில் அண்ணனை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். காலையிலிருந்து பெய்து, தெருவில் தண்ணீர். அண்ணன், போகாதே, திருப்பு என்றிருக்கிறார். இவரோ, முன்னால் போகிற ஆட்டோவின் சக்கரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்: தண்ணீர் சக்கரம் முங்குகிற அளவுக்குக்கூட இல்லை, இன்ஜின் காற்றை எடுப்பது ஹெட்லைட் உயரத்தில், மெதுவாக ஓட்டினால் அலை எழும்பாது, போய்விடலாம். கணக்கு சரி. மெதுவாகவே ஓட்டியிருக்கிறார். நடுத்தெருவில் ஒரு சத்தம், யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி. அதற்கப்புறம் இன்ஜின் சுற்றவில்லை.

டோ வண்டியோடு நான் போனபோது முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நின்றது. அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தார். அண்ணன் ஒரு துணிக்கடைப் படியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பிசிக்ஸ் டீச்சர்" என்றார் என்னிடம், தங்கையைக் காட்டி. "கணக்கு போட்டு மூழ்கடிச்சா."

ஷெட்டுக்கு வண்டி வந்து சேர்ந்தபோது பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். வர ஒரு மணி நேரமாவது ஆகும். நான் காத்திருக்கவில்லை. பம்பரின் அடியில் படுத்து கிளாம்பைத் தளர்த்தினேன். குழாயைச் சாய்த்ததும் தி.நகர் தெருத் தண்ணீர் என் கழுத்திலும் மார்பிலும் கொட்டியது. ஷெல்ஃபின் மேல் தட்டிலிருந்து ஃபில்டர் டப்பாவை எடுத்து, பழையபடி பொருத்தினேன். நான்கு ஸ்க்ரூ. கைக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம். குழாயையும் கூம்பு ஃபில்டரையும் சாக்கில் சுற்றிப் பழைய டயர்களுக்குப் பின்னால் வைத்தேன். சட்டையை மாற்றினேன்.

பாய் வந்து பிளக்கைக் கழற்றி இன்ஜினைக் கையால் சுற்றப் பார்த்தார். ஓட்டை வழியே தண்ணீர் வந்தது. பெட்ரோலும் காற்றும் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது. அழுத்தப் பார்த்து, அதன் கம்பி வளைந்துவிடும். உள்ளே அதுதான் நடந்திருந்தது. இன்ஜினையே மாற்ற வேண்டும், அது வண்டியின் விலைக்கு மேலே போகும்.

மறுநாள் அந்த அம்மாவும் அண்ணனும் வந்தார்கள். பாய் விவரம் சொன்னார். சொல்லிவிட்டு, "தண்ணி எவ்ளோ ஒசரம் மேடம்?" என்று கேட்டார். அவர் தன் காலில், முழங்காலுக்குக் கீழே, கையை வைத்துக் காட்டினார். பாய் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு ஃபில்டர் டப்பாவின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த பேப்பர் ஃபில்டரை வெளியே எடுத்தார். ஆகஸ்டிலிருந்து ஷெல்ஃபில் கிடந்தது அது. தூசி படிந்து, அப்பளம் மாதிரிக் காய்ந்திருந்தது. பாய் அதைத் தட்டினார், தூள் பறந்தது. என்னைப் பார்த்தார். திரும்ப உள்ளே வைத்து மூடினார்.

அதற்குள் அந்த அம்மா என் பக்கம் திரும்பியிருந்தார்.

"நீங்க அவ்வளவு சிரத்தையா பண்ணிக் குடுத்தேள்" என்றார். "நான்தான் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்கோ."

நான் "பரவால்ல மேடம்" என்றேன்.

அதைத்தான் சொன்னேன். அவரை மன்னித்தேன்.

"இனிமே ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்னு சொல்லு" என்றார் அண்ணன். "ஆட்டோல போ. ஆட்டோக்காரனுக்கு பிசிக்ஸ் தெரியாது, அவன் கொண்டு விட்டுடுவான்."

"தொடல" என்றார் அவர். "வித்துடலாம். நேக்கு ரோட்டைப் பாக்கத் தெரியல. அம்பத்தஞ்சு வயசுக்கு மேல இதென்ன ஆசை." கண்ணாடியைக் கழற்றிப் புடவை நுனியால் துடைத்தார். அழவில்லை. முப்பது வருடம் மற்றவர்களின் தாளில் தப்பைச் சுழித்தவர், தன் தாளில் சுழித்துக்கொண்டு போனார்.

அவர்கள் போனதும் பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்ஜின்ல தண்ணி கீது. ஃபில்டர் காஞ்சி கீது. எப்டி நைனா?"

நான் டயர் அடுக்கைப் பார்க்காமல் இருக்க முயன்றேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் எழுந்து நேராக அங்கேதான் போனார். சாக்கைப் பிரித்தார். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, கறுப்புப் பெயின்டை நகத்தால் சுரண்டினார். வெள்ளை தெரிந்தது.

"கக்கூஸ் பைப்பா" என்றார். குழாயைக் கீழே வைத்துவிட்டு, "போட்டதுகூட சரி. கழட்டுன பாரு" என்றார்.

"பாய்..."

"என்கிட்ட சொல்லாத. எனக்குத் தெரிஞ்சிபோச்சி. அவங்ககிட்ட போய்ச் சொல்லு. நான் சொன்னா அது நான் சொன்னதாயிடும். லேபர் காசு வாணாம், ஒரு பழைய இன்ஜின் எங்கனா கிடைக்குமான்னு நான் பாக்குறேன். மொதல்ல நீ போ."

வேலையை விட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நான் பையை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருப்பேன். எனக்குத் தெரிந்தது அதுதான். மறுநாள் போகலாம் என்றிருந்தேன். மழை. அதற்கு மறுநாளும் மழை. பாய் ஒவ்வொரு காலையும் என் முகத்தைப் பார்ப்பார், கேட்கமாட்டார். பதினொரு நாள் அப்படிப் போயிற்று. இரண்டு தடவை மயிலாப்பூர் வரை பஸ்ஸில் போய், குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

பன்னிரண்டாவது நாள் ஒரு டோ லாரி வந்தது. பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்கிற ஆள். அந்த அம்மா விற்றுவிட்டார், கையெழுத்துப் போட்ட காகிதம் அவனிடம் இருந்தது. பாய் கடைக்குப் போயிருந்தார். லாரிக்காரன், "ஒரு கை குடு மச்சி" என்றான். நான் பின்னாலிருந்து தள்ளினேன். வண்டி பலகையில் ஏறியபோது முன் பம்பர் என் கண்ணுக்கு நேராக வந்தது. கம்பிவலைக்குப் பின்னால், நான் குழாயை மாட்டிய கிளாம்பின் ஒரு துண்டு அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியே கைகூடக் கழுவாமல் மயிலாப்பூருக்குப் போனேன்.

கதவைத் திறந்தது அவர்தான். "வண்டி எடுத்துண்டு போயிட்டாளா?" என்றார். உள்ளே வரச் சொன்னார். நான் வாசல்படியிலேயே நின்று சொன்னேன். குழாய் அதே இடத்தில் இல்லை. முழங்காலுக்குக் கீழே இருந்தது. தண்ணீர் அதன் வழியாகத்தான் போனது. வண்டி வந்த அன்று கழற்றி ஒளித்துவிட்டேன். நான்கு வாக்கியம். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர், "எவ்வளவு உயரம்? காட்டுங்கோ" என்றார். கதவு நிலையில் கையை வைத்துக் காட்டினேன். உள்ளே போய் மரஸ்கேல் ஒன்றை எடுத்துவந்து, குனிந்து அளந்தார்.

"பதினோரு அங்குலம். தண்ணி பதிமூணு, பதினாலு இருந்திருக்கும்." ஸ்கேலைப் பிடித்தபடியே நிமிர்ந்தார். "அப்போ நான் ஓட்டினது சரி."

"சரி மேடம்."

"கணக்கு சரி."

"சரி மேடம்."

"அண்ணா" என்று உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம், "இதையே அவர்கிட்ட சொல்லுங்கோ" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். பணம் கேட்டிருந்தால் மாதாமாதம் கொடுத்திருப்பேன், அது எனக்கு லேசாகக்கூட இருந்திருக்கும். அவர் கேட்டது இதை மட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கிரீஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர் முன்னால் முதலிலிருந்து திரும்பச் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது கஷ்டம். முதல் தடவையில் வேகம் இருக்கிறது.

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "அப்போ இவ மேல தப்பே இல்லையா?"

"இல்ல சார்."

"பதிமூணு நாளா ஆத்துல இவளைச் சொல்லாத பேச்சு இல்லை. வண்டி இன்னிக்குப் போயிடுத்து. நேத்திக்கு வந்து சொல்றதுக்கென்ன?"

அவர் காத்திருந்தார். தங்கையும் காத்திருந்தார். டிவியில் யாரோ தாளித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் தங்கையைப் பார்த்து, "சரி" என்றார், சத்தத்தைக் கூட்டாமல் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் அந்த அம்மா கேட்டார், "அந்தப் பைப் இருக்கா?"

"கீது மேடம்."

"எனக்கு வேணும். கொண்டுவந்து குடுங்கோ."

மறுநாள் காலை கொண்டுபோனேன். பாய் பழைய இன்ஜினுக்காக இரண்டு இடத்தில் சொல்லி வைத்திருந்தார், இனி வண்டியே இல்லை. பஸ்ஸில் மடியில் நீளமாக அந்தக் குழாய். பக்கத்தில் இருந்தவர், வீட்டில் பிளம்பிங் வேலையா என்றார். ஆமாம் என்றேன்.

அந்த அம்மா குழாயை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு முனையில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தார். பிறகு அதைச் சுவரோரம் சாத்தி வைத்தார். மேசையில் நோட்டு திறந்திருந்தது. அந்தப் பக்கத்தை எனக்குத் தெரியும். மூன்று எண், ஒரு கோடு, மூன்று எண்.

"ராத்திரி பூரா பாத்துண்டிருந்தேன்" என்றார். "ஒரு பைப்புக்கு முக்கால் செகண்ட் ரொம்ப ஜாஸ்தி. முதல் தடவை போனப்போ ஏசி ஓடிண்டிருந்ததோ?"

இதைச் சொல்வதற்காக நான் வந்திருக்கவில்லை. அவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"ஓடிச்சி மேடம்."

"ரெண்டாவது தடவை?"

"இல்ல."

"டாங்க்?"

"மொத தடவ ஃபுல்லு. அப்பால கால்வாசி."

அந்த ஆறு எண்களுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார், மெதுவாக, ஸ்கேல் வைத்து.

"நெஜமா எவ்வளவு கூடித்து?"

"சத்தம்தான் மேடம் கூடிச்சி."

தலையை ஆட்டினார். அதை எழுதிக்கொண்டார். நான் கிளம்பி வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டபோதும் அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.